ஞானப்பல் எடுக்கப் போகிறவர்களுக்கு: மூன்று விதமான இடங்கள், ஒரு மருந்துப் பை

பல் ஒன்றுதான். கீழ்த்தாடையில் வலப்பக்கம், கடைசியில், தனக்கு முன்னால் இருக்கும் பல்லின் மேல் சாய்ந்து படுத்திருக்கும் ஞானப்பல். டாக்டர் சீட்டில் அதை 48 என்று எழுதுவார். இடப்பக்கம் என்றால் 38. மேலே இருப்பவை 18, 28. இதே பல்லை எடுக்கச் சென்னையில் ஒரு இடத்தில் சில நூறு ரூபாயில் முடிகிறது, தெருமுனை கிளினிக்கில் சுமார் ஐந்தாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை ஆகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தோடு செய்தால் முப்பதாயிரத்தையும் தாண்டுகிறது. பல்லைப் பிடுங்கும் அந்த அரைமணி நேர வேலை மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலையும் தரமும் மாறுவது அதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றில். அதனால் ஒவ்வொரு இடத்தையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடலாம்: நாலாம் நாள் ராத்திரி காது வரை வலி இழுத்தால், மறுநாள் காலையில் யார் பார்ப்பார்கள்?

அதற்கு முன், எடுக்கத்தான் வேண்டுமா? ஒரு கிளினிக் நல்லதா என்று தெரிந்துகொள்ள முதல் பரீட்சை இது. வலியோ சீழோ சொத்தையோ எதுவும் இல்லாமல் எலும்புக்குள் முழுதாகப் புதைந்திருக்கும் ஞானப்பல்லை 'எதற்கும் எடுத்துவிடலாம்' என்று எடுக்கத் தேவையில்லை என்பது எந்தச் சிகிச்சை தேவை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000இலேயே கொடுத்த வழிகாட்டுதல். படத்தைப் பார்த்துவிட்டு 'இது சும்மா இருக்கட்டும், வருஷத்துக்கொருமுறை படம் எடுத்துப் பார்ப்போம்' என்று சொல்லும் டாக்டருக்கு இதிலேயே பாதி மார்க் போடலாம்.

எடுக்கவேண்டிய கணக்கு வேறு. பாதி வெளியே வந்து, மேலே ஒரு ஈறு மூடி போல நிற்கும் பல்லில் சோற்றுப்பருக்கை உள்ளே போய் மாட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீங்கும். வீங்கும்போதெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கிப் போட்டு அடக்குவது நம் ஊர்ப் பழக்கம். மாத்திரை வீக்கத்தைத்தான் இறக்கும், மூடி அப்படியேதான் இருக்கும், அடுத்த வீக்கம் நிச்சயம். இரண்டுமுறை இப்படி ஆகிவிட்டால் எடுத்துவிடுவதே மேல். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் மது கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் சொல்வதில்லை.

இன்னொரு காரணம் முன்னால் இருக்கும் பல். ஞானப்பல் முன்பக்கம் சாய்ந்து ஏழாம் பல்லின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தால், அந்த இடுக்கில் பிரஷ் நுழையாது. சொத்தை விழுவது ஏழாம் பல்லின் பின்பக்க வேரருகில். கண்ணாடியில் தெரியவே தெரியாது. எதற்கும் பயன்படாத ஞானப்பல்லைக் காப்பாற்றப் போய், தினமும் மென்று சாப்பிட உதவும் ஏழாம் பல்லை இழப்பதுதான் இந்த விவகாரத்தில் உண்மையான நஷ்டம்.

வீங்கி, வாய் திறக்க முடியாத நிலையில் போனால் அன்றைக்கே எடுக்க மாட்டார்கள். சீழ் இருந்தால் வெளியேற்றி, கழுவி, வாய் திறக்க வந்தபிறகு தேதி தருவார்கள். சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது என்பது ஒரு காரணம். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காவிட்டால் கருவி உள்ளே போகாது என்பது இன்னொன்று.

படம்

ஓ.பி.ஜி. இல்லாமல் கீழ் ஞானப்பல்லைத் தொடும் இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே அது. ஸ்கேன் சென்டரில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய் வாக்கில் முடிந்துவிடும். வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படத்தில் வேரின் நுனியும் அதற்குக் கீழே ஓடும் நரம்புக் குழாயும் பெரும்பாலும் முழுதாகத் தெரியாது.

படத்தில் டாக்டர் எதைப் பார்க்கிறார் என்பதை நீங்களும் பார்க்கலாம். தாடை எலும்புக்குள் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு குழாய் ஓடும். கீழுதட்டுக்கும் தாடைக்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு அதற்குள்தான் இருக்கிறது. ஞானப்பல்லின் வேர் குழாயைத் தொடும் இடத்தில் அந்த வெள்ளைக் கோடு அறுந்திருக்கிறதா, வேர் அந்த இடத்தில் மட்டும் கருத்துத் தெரிகிறதா, குழாய் வளைந்து விலகிப் போகிறதா என்ற மூன்றும் முக்கிய அறிகுறிகள். ஒன்று இருந்தாலும் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாணப் படம் கேட்பது நியாயமான செலவு. மூன்றும் இல்லாதபோது எல்லோருக்கும் வழக்கமாக சி.பி.சி.டி. எழுதித்தருவது பில்லை ஏற்றும் வேலை.

வேர் நரம்போடு பின்னிக்கிடந்தால், பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் முறை உண்டு; கொரோனெக்டமி என்பார்கள். அந்த வார்த்தையையே எடுக்காத இடம் என்றால், சிக்கலான பல்லுக்கு வேறு இடம் பாருங்கள். உதடு மரத்துப்போவது சிலருக்குச் சில வாரம், சில மாதம் இருந்து சரியாகும். நிரந்தரமாக நின்றுபோவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. குறைவுதான், ஆனாலும் ஊசி போடுமுன்பே வாயால் சொல்லி, சம்மதக் கடிதத்திலும் எழுதியிருக்க வேண்டும். நாக்கின் ஓரமும் மரக்கலாம், அதுவும் அதில் வரவேண்டும்.

மூன்று இடங்கள்

முதலில் கல்லூரி ஆஸ்பத்திரிகள். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. அதுபோக பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஈ.சி.ஆர். பக்கம் பல தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. அங்கே கட்டணம் கிளினிக்கைவிடக் கணிசமாகக் குறைவு. நடைமுறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி: காலையில் ஓ.பி. சீட்டு, முதலில் நோயறியும் பிரிவு, பிறகு எக்ஸ்ரே, பிறகு வாய் அறுவைப் பிரிவு, அங்கே ஒரு தேதி. ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று ஆபீஸில் அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

'மாணவர்கள் கையில் மாட்டிக்கொள்வோமே' என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. கஷ்டமான ஞானப்பல்லை அங்கே எடுப்பது பெரும்பாலும் எம்.டி.எஸ். வாய், முக அறுவை படிக்கும் முதுகலை மாணவர். பக்கத்தில் பேராசிரியர் இருப்பார். வாரம் முழுக்க இதையே செய்கிற கை அது. மெதுவாக நடக்கும், கிளினிக்கில் அரைமணியில் முடிவது ஒரு மணி நேரம் ஆகலாம், வாய் அதிக நேரம் திறந்திருந்ததால் மறுநாள் தாடை வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆனால் என் கேள்விக்கு மிக நல்ல பதில் இங்கேதான் கிடைக்கிறது. நாலாம் நாள் வலி வந்தால் விடுமுறை நாள் தவிர எந்தக் காலையும் போகலாம், அதே பிரிவில் யாராவது இருப்பார்கள், கழுவி மருந்து வைத்து அனுப்புவார்கள். மார்க்: பத்துக்கு எட்டு. நேரம் உள்ளவர்களுக்கு ஒன்பது.

இரண்டாவது, பேட்டை கிளினிக். பெரும்பாலானோர் போகும் இடம். போர்டில் ஒரு டாக்டர் பெயர் இருக்கும். ஞானப்பல் எடுக்க வெளியிலிருந்து ஒரு அறுவை நிபுணர் வருவார். வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம், ஒரே மாலையில் மூன்று கிளினிக். இதில் தவறொன்றும் இல்லை, கை தேர்ந்தவராகவே இருப்பார். கேட்கவேண்டியது இரண்டு. அவர் எம்.டி.எஸ். வாய், முக அறுவை படித்தவரா? அவர் போன பிறகு ரத்தம் நிற்காவிட்டாலோ, நாலாம் நாள் வலி வந்தாலோ, கிளினிக் டாக்டரே பார்ப்பாரா, 'சார் வெள்ளிக்கிழமைதான் வருவார்' என்பார்களா?

பில்லில் என்னென்ன அடக்கம் என்று முதலிலேயே கேளுங்கள். தையல் பிரிக்க, மறுபடி கழுவி மருந்து வைக்க, இவற்றுக்குத் தனிக் காசு என்றால் அப்போதே தெரிந்துவிட வேண்டும். நல்ல கிளினிக்கில் இவை மொத்தத் தொகைக்குள் அடக்கம். ராத்திரி எட்டு மணிக்கு போன் செய்து 'பஞ்சை எடுத்துட்டீங்களா, ரத்தம் நின்னுடுச்சா' என்று அவர்களே கேட்பார்கள். அந்த ஒரு போனுக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம். மார்க்: நாலிலிருந்து எட்டு வரை, கிளினிக்கைப் பொறுத்து.

மூன்றாவது, பெரிய ஆஸ்பத்திரியில் முழு மயக்கத்தில். நாலு பல்லையும் ஒரேயடியாக எடுக்கவேண்டியவர்கள், பல் தாடையின் அடியில் ஆழமாகக் கிடப்பவர்கள், பெரிய நீர்க்கட்டி உள்ளவர்கள், ஊசியைப் பார்த்தாலே மயங்குபவர்கள், இவர்களுக்கு மட்டும் பொருந்தும். மற்றவர்களுக்குத் தேவையில்லாத செலவு, தேவையில்லாத மயக்கம். மெடிக்ளெய்ம் பாலிசிகளில் பல் சிகிச்சை விபத்து தவிரப் பெரும்பாலும் அடங்காது. முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் அட்மிஷன் போடாதீர்கள்.

எந்த இடமானாலும் நாள் தேர்வில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஞாயிறு லீவு என்று சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கொள்கிறார்கள். ராத்திரி ரத்தம் கசிந்தால் ஞாயிற்றுக்கிழமை கதவு பூட்டியிருக்கும். புதன்கிழமை காலை எடுத்தால் அன்று முழுக்க கிளினிக் திறந்திருக்கும், வீக்கம் உச்சத்துக்குப் போகும் வெள்ளி, சனியில் வீட்டிலிருக்கலாம், வலி திரும்பக்கூடிய நாட்களில் ஞாயிறு ஒன்றுதான் பூட்டிய நாள், அடுத்த புதன் தையல் பிரிப்பு. ஒரே பக்கத்து மேலும் கீழும் சேர்த்து எடுக்கலாம், ஒரே மருந்துச் செலவில் முடியும். இரண்டு கீழ்ப்பக்கத்தையும் ஒரே நாளில் வேண்டாம். மெல்ல ஒரு பக்கமாவது மிச்சமிருக்க வேண்டும்.

நாற்காலியில்

மரத்துப்போகும் ஊசியோடு செய்வதென்றால் வெறும் வயிற்றில் போகக் கூடாது. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நாற்காலியில் மயங்குபவர்களில் பலர் பட்டினியாகப் போனவர்கள். முழு மயக்கம் என்றால் இதற்கு நேர்மாறு, ஆறு மணி நேரம் திட உணவு கூடாது. சுகர் உள்ளவர்கள் அண்மை ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டும், பிரஷர் உள்ளவர்கள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டும் போகவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக அதை நிறுத்துவது பெரிய ஆபத்து. இதய டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் ஆசிட் போன்ற ஊசி போட்டிருந்தால், என்றைக்கோ போட்டதாக இருந்தாலும், சொல்லியே ஆகவேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடிய மருந்து அது.

ஊசி பெரும்பாலும் 2% லிக்னோகெய்ன், அட்ரினலின் கலந்தது. போட்ட ஒரு நிமிடத்தில் நெஞ்சு படபடக்கலாம். அது அட்ரினலின் வேலை, சீக்கிரம் அடங்கும், அலர்ஜி என்று பயப்பட வேண்டாம். கீழுதடு பாதி தடித்தது போல ஆனால்தான் ஊசி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். உதடு மரக்காமல் ஆரம்பிக்க விடாதீர்கள், கை தூக்குங்கள். இன்னொரு ஊசி போடுவதில் ஆபத்தில்லை. அட்ரினலின் கலந்தால் கிலோவுக்கு 7 மி.கி. வரை போகலாம், ஐம்பது கிலோ ஆளுக்கு அது பதினேழு மில்லிக்கு மேல் வரும். வழக்கமாகச் செலவாவது அதில் ஒரு சின்னப் பங்கு. அழுத்தமும் சத்தமும் தெரியும், வலி தெரியக் கூடாது.

ஈறைக் கீறி மடக்கி, பல்லைச் சுற்றி எலும்பில் ஒரு வாய்க்கால் போலக் குடைந்து, பல்லை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி, துண்டு துண்டாக நெம்பி எடுப்பார்கள். இங்கே கவனிக்க ஒரு நுணுக்கம் உண்டு. சொத்தை அடைக்கும்போது பல்லைக் குடையப் பயன்படும் ஏரோட்டர் கருவி, காற்றின் விசையால் சுழல்வது; அதன் முனையிலிருந்து காற்று முன்பக்கம் பீச்சும். கீறி மடக்கிய ஈறுக்கு அடியில் அந்தக் காற்று புகுந்தால் கன்னமும் கழுத்தும் நிமிடத்தில் உப்பிவிடும், தொட்டால் உள்ளே நறநறவென்று குமிழி உடையும். அதனால்தான் எலும்பு குடையவும் பல்லை வெட்டவும் மின்சாரத்தில் ஓடும் மைக்ரோமோட்டாரில் மாட்டிய நேர்க்கைப்பிடி வேண்டும், கூடவே ஒருவர் சலைன் நீரை விடாமல் ஊற்றவேண்டும். நீர் இல்லாமல் குடைந்தால் எலும்பு சூடாகிக் கருகும், பின்னால் ஆறாது. 'சர்ஜிக்கல் ஹேண்ட்பீஸ் இருக்கா டாக்டர்?' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தையலில் இரண்டு வகை. கருப்புப் பட்டு நூல் மலிவு, ஏழாம் நாள் பிரிக்க வேண்டும், உணவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தானே கரையும் நூல் கொஞ்சம் விலை கூட. உள்ளூர்க்காரர்களுக்குப் பட்டே போதும், பிரிக்கப் போகும் சாக்கில் டாக்டர் இன்னொருமுறை பார்த்துவிடுவார். விடுமுறைக்கு வந்து எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்புகிறவர்களுக்குக் கரையும் நூல் கேட்டு வாங்கலாம்.

மருந்துப் பை

இனி பை. ஒவ்வொன்றாக.

பஞ்சு. உண்மையில் காஸ் துணி மடிப்பு. நாற்பத்தைந்து நிமிடம் அழுத்திக் கடிக்க வேண்டும். பேசக் கூடாது, அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. எச்சிலில் ரத்தச் சாயம் ஒருநாள் இருக்கும், அது கசிவு இல்லை. எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். துப்பும்போதும் உறிஞ்சும்போதும் வாய்க்குள் ஏற்படும் இழுப்பு குழியில் உறைந்த ரத்தக்கட்டியைப் பிடுங்கிவிடும். நம் ஊரில் இந்த விதி உடையும் இடம் இளநீர். 'குளிர்ச்சி' என்று வாங்கிக் கொடுப்பார்கள், ஸ்ட்ராவோடு. டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். மறுபடி ரத்தம் வந்தால் புதுப் பஞ்சு வைத்து அரைமணி கடிக்கவும். பஞ்சு இல்லாவிட்டால் நனைத்துப் பிழிந்த டீ பேக் நன்றாக வேலை செய்யும். அதற்கும் நிற்காவிட்டால் போன்.

வலி மாத்திரை. மரப்பு இறங்குமுன் முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தாலே முதல் ராத்திரி பாதி சுலபம். மரப்பு மூன்று, நாலு மணி நேரத்தில் இறங்கும், அதற்குப் பிறகான ஆறேழு மணி நேரம்தான் வலியின் உச்சம். ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும். அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால் சேர்ந்ததும் சரிதான். இவற்றில் ஒன்றைத்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் நடக்கும் கூத்து, டாக்டர் கொடுத்தது ஒன்று, பீரோவில் இருக்கும் காம்பிஃப்ளாம் இன்னொன்று, 'ஜுரம் அடிக்குதே' என்று டோலோ 650 மூன்றாவது. முதல் இரண்டும் ஒரே குடும்பம், சேர்ந்தால் வயிற்றைப் புண்ணாக்கும். மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம், ஒருநாள் கணக்கு 4000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் பாராசிட்டமால் மட்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். வீக்கம் இறங்க என்று சேர்க்கும் செராஷியோபெப்டிடேஸ் காசுக்கு ஏற்ற வேலை செய்வதில்லை. அதைவிட, அறுவை நாளில் போடும் ஒரு டெக்ஸாமெதாசோன் ஊசி வீக்கத்தையும் வாய் இறுக்கத்தையும் தெளிவாகக் குறைக்கும். சுகர் உள்ளவர்களுக்கு மட்டும் யோசித்துப் போடுவார்கள்.

ஆன்டிபயாடிக். எல்லோருக்கும் ஐந்து நாள் எழுதுகிறார்கள். ஆரோக்கியமானவர்களில் ஒரு தொற்றைத் தடுக்கப் பத்தொன்பது பேர் சாப்பிட வேண்டியிருக்கும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வின் கணக்கு. சின்ன, எளிதான பல்லுக்கு டாக்டரிடமே 'கட்டாயம் வேணுமா?' என்று கேட்கலாம். எலும்பு குடைந்த பல், சுகர் உள்ளவர் என்றால் கேட்காமல் சாப்பிடுங்கள், ஆரம்பித்தால் முடியுங்கள்.

குளோர்ஹெக்ஸிடின் 0.2% மவுத்வாஷ். ஹெக்ஸிடின் போன்ற பெயர்களில் வரும். முதல் 24 மணி நேரம் பாட்டிலைத் திறக்கவே கூடாது. பிறகு காலை, இரவு பத்து மில்லி, ஒரு நிமிடம் வாயில் வைத்து, கொப்பளிக்காமல் தலையைச் சாய்த்துக் குழியில் படவிட்டு, வாயைத் திறந்து தானாக வழியவிட வேண்டும். பேஸ்ட் போட்டுத் துலக்கியவுடன் ஊற்றினால் பேஸ்டில் உள்ள நுரைப்பொருள் மருந்தை முறித்துவிடும்; அரைமணி இடைவெளி விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். காபி, டீ நிறையக் குடிப்பவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மங்கும். தொற்றைத் தடுப்பதில் மார்க் எட்டு, ருசிக்கு இரண்டு. காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும். கிட்டத்தட்ட அதே பலன்.

ஐஸ் பை. முதல் நாள் மட்டும். துணியில் சுற்றி இருபது நிமிடம் வை, இருபது நிமிடம் எடு. அதற்குப் பிறகு ஐஸால் பயனில்லை. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். 'நேத்தைவிட இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கே' என்ற பதற்றம் தேவையில்லை. கழுத்தில் மஞ்சளும் பச்சையுமாக நிறம் இறங்கினாலும் பத்து நாளில் போய்விடும்.

சாப்பாடு. ஆறின இட்லியைப் பாலில் ஊறவைத்தது, குழைந்த தயிர்சாதம், கஞ்சி, ராகிக் கூழ், பருப்பு மசித்த சாதம், அவித்த முட்டை மஞ்சள். இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள்: தாளிப்பு. தயிர்சாதத்துக் கடுகும் ரசத்து மிளகும் குழிக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு. இரண்டு வாரம் தாளிக்காமல் சாப்பிடுங்கள். சூடான ரசம் முதல் நாள் கூடாது, ரத்தக்கட்டி கரையும். வெற்றிலை, புகையிலை, சிகரெட் குறைந்தது ஒரு வாரம் வேண்டாம்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை

இந்த மூன்று நாளில்தான் நீங்கள் போன இடத்தின் தரம் தெரியும். சாதாரணமாக வலி ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டே போகவேண்டும். இறங்கின வலி திடீரென்று திரும்பி, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இழுத்து, மாத்திரைக்குக் கட்டுப்படாமல், வாயில் கெட்ட வாடையும் சேர்ந்தால் அது டிரை சாக்கெட். குழியில் இருக்கவேண்டிய ரத்தக்கட்டி போய், எலும்பு வெறுமையாக நிற்கிறது. புகைப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், கஷ்டப்பட்டு எடுத்த கீழ் ஞானப்பல்லுக்கும் வாய்ப்பு அதிகம். இதற்கு ஆன்டிபயாடிக்கை மாற்றி எழுதுவது வீண். குழியை வெதுவெதுப்பான சலைனில் கழுவி, கிராம்பு எண்ணெய்ச் சத்து கலந்த துத்தநாக ஆக்ஸைடு மருந்தையோ ஆல்வோஜில் என்ற பசை மருந்தையோ வைத்தால் சீக்கிரத்திலேயே வலி இறங்கும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்ற வேண்டியிருக்கும். துணியில் தோய்த்து வைத்ததைக் கடைசியில் ஞாபகமாக எடுக்க வேண்டும். போனிலேயே 'மாத்திரையை மாத்தி அனுப்பறேன்' என்று முடித்துக்கொள்ளும் கிளினிக்குக்கு முன்பு போட்ட மார்க்கையும் கழித்துவிடலாம். பஞ்சில் கிராம்புத் தைலம் தோய்த்து வீட்டிலேயே அடைப்பவர்கள் ஈறைச் சுட்டுக்கொள்கிறார்கள்; அதைத் தவிர்க்கவும்.

மறுநாள் காலையிலும் உதடு மரத்தே இருந்தால் அன்றே சொல்லுங்கள், 'சரியாயிடும்' என்று வாரக்கணக்கில் காத்திராதீர்கள். மேல் ஞானப்பல் எடுத்தவர்கள் தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் வந்தால், மேலே சைனஸோடு வழி திறந்திருக்கிறது. மூக்கைச் சிந்தாமல், தும்மலை வாயைத் திறந்து விட்டு, டாக்டரைப் பாருங்கள். மூச்சோ எச்சில் விழுங்குவதோ கஷ்டமாகி, நாக்குக்கு அடியும் தாடைக்கு அடியும் கெட்டியாக வீங்கினால் கிளினிக் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. ராத்திரி இரண்டு மணியானாலும்.

வாய் இறுக்கம் பத்து நாள் வரை இருக்கும். வீக்கம் இறங்கத் தொடங்கியதும் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையே வைத்து, தினமும் ஒரு குச்சி கூட்டுங்கள். மூன்று விரல் நிமிர்ந்து நுழைந்தால் பழைய நிலை.

ஈறு மூடச் சுமார் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை குழி குழியாகத்தான் இருக்கும், சாப்பிட்டதெல்லாம் அதில் போய்ச் சேரும். கொப்பளித்தால் வராது, பல்குச்சியால் நோண்டவும் கூடாது. தையல் பிரித்த நாளிலிருந்து, அதற்கு முன் இல்லை, ஊசியில்லாத பத்து மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புநீரை எடுத்து, முனையைக் குழியின் ஓரத்தில் வைத்து மெதுவாக அழுத்தினால் இரண்டு நாள் முந்தைய சோற்றுப்பருக்கைகூட மிதந்து வரும். ராத்திரி ஒருமுறை, குழி ஆழம் குறையும் வரை. மெடிக்கல் ஷாப்பில் பத்து, பதினைந்து ரூபாய். இந்த மொத்த விவகாரத்திலும் பத்துக்குப் பத்து வாங்கும் ஒரே பொருள் அதுதான், பையில் பெரும்பாலும் இருப்பதில்லை, கேட்டு வாங்குங்கள்.